மொட்டைமாடிக் கதவில் ஒட்டியது

இரண்டு பெட்டிக்கு மேல் இல்லை.
மூன்றாவது கேட்டது நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.
கமிட்டிக் கூட்டத்தில் எட்டுக் கை எதிராக எழும்பியது,
அதிலொன்று என் மனைவியுடையது.

பெட்டி வாசல் கடலைப் பார்க்கும்.
கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ரயில்பாதை மட்டும்,
அந்தப் பக்கம் எவரும் உடுப்புக் காயப்போடுவதில்லை.
வாசலுக்கு முன்னால் ஆறடித் தகரம்:
புறப்படும்போதே உயர்ந்துவிடட்டும்,
ஒழுங்கையில் போகிறவர் தலைக்கு மேலால் போகட்டும்.
ஆடிக் காற்றுக்குப் பெட்டியைத் திருப்ப வேண்டும்,
நாளுக்கு நாலு விரல் அளவு.
ஒரேயடியாய்த் திருப்பினால்
இருந்த வீட்டுக்கே வழி கேட்டு நிற்கும்.

3B நுஸ்கியாவின் மகளுடைய பள்ளிக்கூடச் சட்டையில்
மஞ்சள் புள்ளிகள்.
மகரந்தம் என்று சொன்னேன். பொய்.
எச்சம் அது.
சலவைக் காசு இனி என்னுடையது.

இரவில் வெளிச்சத்துக்கு வரும்.
ஐந்தாம் மாடி அருளம்பலத்தார்
இரண்டு மணிக்கு ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை எழும்புகிறவர்.
குளியலறைத் தரையில் கிடந்த ஒன்றை மிதித்து
அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.
ஜன்னலுக்கு வலை அடித்துக் கொடுத்தாயிற்று.
திரும்பவும் தேன் கொண்டு போனேன்,
தனக்குச் சீனி வருத்தம் என்று கதவைச் சாத்தினார்.

2A செனுரவுக்கு ஒரு கொட்டே போதும்.
போன வருடம் களுபோவிலைக்கு ஓட்டோவில் போகும்போது
அவன் உதடு என் கண்முன்னே வீங்கியது,
நான் எண்ணியதெல்லாம் சிக்னல் விளக்குகளை.
ஆகவே:
பெட்டி திறக்கும் நாளை முதல்நாளே மிஸிஸ் கமகேக்குச் சொல்வேன்.
அவர் 'ஹொந்தய்' என்றால்தான் மூடியில் கை வைப்பேன்.
சொல்லாத நாளில் திறந்தால்
பெட்டியை எவரும் தூக்கிப்போகலாம், தடுக்க மாட்டேன்.

இனித் தண்ணீர்.
வெயிலுக்கு அவை குடித்தே ஆகவேண்டும்.
நான் வைக்காவிட்டால் நாலாம் மாடி ஏசிக் குழாயில் போய்த்
தொங்கும், தொங்கின.
வைத்தேன்: மண் தட்டு, மூழ்காமலிருக்கக் கூழாங்கல், தும்பு.
பி.எச்.ஐ. ஐயா டோர்ச் அடித்துப் பார்த்தார்.
கல்லுக்கும் கல்லுக்கும் இடையில்
நுளம்புக் குடம்பி நெளிந்தது,
என் தேனீக்கு வைத்த தண்ணியில் வளர்ந்த டெங்கு.
பட்டப்பகலில் சிவப்புத் துண்டு எழுதித் தந்தார்.
நியாயம்தான்.
அடுத்த கிழமை புகையடிக்க வந்தார்கள், எனக்குச் சொல்லவில்லை,
நானும் கேட்டுவைக்கவில்லை.
மாலையில் தும்புத்தடியால் கூட்டினேன்,
ஷொப்பிங் பை ஒன்று நிறைந்தது,
கையில் தூக்கினால் பாரமே இல்லை.

இப்போது அவருடைய நம்பர் என் போனில் இருக்கிறது.
புகை நாளுக்கு முதல் இரவு
வாசலுக்குக் கம்பிவலை, மேலே ஈரச்சாக்கு.
தட்டோ தினமும் காலை ஆறுக்குக் கவிழ்க்கப்படும்,
தேய்க்கப்படும், நிரப்பப்படும்.
ஒருநாள் தவறினாலும் விதி முழுவதும் தவறியது.

இவ்வளவும் எழுதியது ஒரு காரியத்துக்காக.
வருகிற செவ்வாய் எனக்குக் கண் ஒப்பரேஷன்.
நாலு நாள் குனியக்கூடாதாம்.
மனைவி வோட்டை மாற்றவில்லை.
யாராவது தட்டைக் கவிழ்க்க வேண்டும், பெட்டியைத் தொடவேண்டாம்,
தட்டு மட்டும்.
திறப்பு வோச்சரிடம்.
கீழே நாட்களைக் குறித்திருக்கிறேன்,
பெயர் போடுங்கள்.

செவ்வாய்: நுஸ்கியா (பத்து மணிக்கு மேல் என்றால் சரி).
வியாழன்: வெறுமை.
வெள்ளி: 'பார்ப்போம்', ஒப்பமில்லை,
அருளம்பலத்தாரின் பச்சை மை.
புதனுக்கு நேரே பென்சிலில் சிங்கள எழுத்து,
'மம' என்று மட்டும். நான்.
எழுத்து பெரிசு, வட்டம் வட்டமாய்,
கோட்டை விட்டு மேலே ஏறிப்போகிறது,
கதவின் அடியிலிருந்து எழுதியவன் உயரம்.

இல்லை மகனே.
அழிறப்பர் எடுக்க வீட்டுக்குள் போனேன்.
எடுத்துக்கொண்டு இன்னும் கதிரையில்தான் இருக்கிறேன்.